குதிகாலைப் பாருங்கள்: வீட்டுப் பராமரிப்பு – கேள்வி பதில்

என் மாமனாருக்கு 76 வயது. பக்கவாதத்தில் வலது கை, கால் விழுந்துவிட்டது. நாலு மாதமாகப் படுக்கைதான். காற்றுப் படுக்கை வாங்கிப் போட்டும் வால் எலும்பின் மேல் தோல் உரிந்துவிட்டது. ஏன்?
– வாசகி, மன்னார்குடி

காற்றுப் படுக்கை வந்ததும் பல வீடுகளில் புரட்டிப் படுக்க வைப்பது நின்றுவிடுகிறது. படுக்கை அழுத்தத்தைக் குறைக்கும், அறவே எடுக்காது. புண் ஆறும்வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டியே ஆக வேண்டும், இரவிலும்.

படுக்கையையும் ஒரு தரம் சோதித்துவிடுங்கள். அவர் படுத்திருக்கும்போதே, காற்றுப் படுக்கைக்கும் அடியிலுள்ள மெத்தைக்கும் நடுவே, இடுப்புக்கு நேர் கீழே, உள்ளங்கை மேலே பார்க்கக் கையை விடுங்கள். கைக்கும் எலும்புக்கும் இடையே ஒரு அங்குலமாவது காற்று இருக்க வேண்டும். எலும்பு கையில் தட்டினால் பம்பின் அழுத்தம் போதவில்லை. அவர் எடைக்கு ஏற்றபடி குமிழைத் திருகி வையுங்கள். கரண்ட் போய் வந்த பிறகும் இப்படிப் பாருங்கள். ரப்பர் ஷீட், மேலே போர்வை, அதற்கும் மேலே துண்டு என்று அடுக்கினால் படுக்கைக்குக் கொடுத்த காசு வீண். ஒரே ஒரு பருத்தி விரிப்பு போதும்.

முழுக்க ஒருக்களித்துப் படுக்க வைத்தால் பாரம் மொத்தமும் இடுப்பெலும்பின் மேல் விழும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து, 30 டிகிரி சாய்த்தால் போதும். புண் வால் எலும்பில் இருப்பதால் இடம், வலம் இரண்டு பக்கம் மட்டுமே. மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டாம். கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்து, குதிகால் எதிலும் படாமல் தொங்க விடுங்கள்.

பல புண்கள் இழுப்பதால் வருகின்றன. கட்டிலில் கீழே சரிந்தவரை அக்குளில் கை கொடுத்து மேலே இழுக்கும்போது, தோல் விரிப்போடு ஒட்டி நிற்க, எலும்பு மட்டும் உள்ளே நகரும். வராத கையின் தோள்மூட்டும் அப்போது நழுவலாம். எட்டு முழப் பழைய வேட்டியை நாலாக மடித்து, தோளிலிருந்து தொடை வரை அடியில் விரியுங்கள். இருவர் இரு பக்கமும் நின்று, ஓரத்தை உடம்பை ஒட்டிச் சுருட்டிப் பிடித்து, சொல்லிவைத்துத் தூக்கி நகர்த்த வேண்டும். தனி ஆள் முயன்றால் இழுப்பதில்தான் முடியும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் பக்கம் துணி காய்வதே இல்லை. தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், மடிப்புக்குள் ஈரம் நிற்கும். இஸ்திரி போட்ட பிறகே விரியுங்கள். ஈரத்தில் ஊறிய தோல் சீக்கிரம் கிழியும்.

சிவந்த இடத்தைத் தேய்த்துவிடுவது, ஸ்பிரிட் தடவுவது, பவுடர் கொட்டுவது மூன்றும் கெடுதல். நடுவில் ஓட்டை வைத்த காற்று வளையமும் வேண்டாம். சுற்றியுள்ள தோலுக்கு ரத்தம் போவதை அது தடுக்கும். மாநிறத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. பக்கத்துத் தோலைவிடச் சூடாக, கெட்டியாக, கருத்து இருந்தால் அதுதான் ஆரம்பம்.

உரிந்த இடத்தை மருந்துக்கடை சலைனால் கழுவி, நர்ஸிடம் கட்டுப் போடக் கற்றுக்கொள்ளுங்கள். மஞ்சள் வேண்டாம். புண் கருத்தாலோ, குழி விழுந்தாலோ, நாற்றமோ காய்ச்சலோ இருந்தாலோ அன்றே ஆஸ்பத்திரி. வெறும் கஞ்சியில் புண் ஆறாது. முட்டை, பருப்பு சேருங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டு. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சையும் நோய் தணிப்புச் சிகிச்சையும் தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

பக்கவாதம் வந்த அம்மாவுக்குக் கஞ்சி இறங்குகிறது, தண்ணீர் கொடுத்தால்தான் புரையேறுகிறது. தண்ணீரை நிறுத்திவிடலாமா?
– வாசகர், திருவாரூர்

நிறுத்தாதீர்கள். பக்கவாதத்துக்குப் பின் பலருக்கு, விழுங்கும்போது மூச்சுக்குழாய் தாமதமாக மூடும். கஞ்சி மெதுவாக இறங்குவதால் அதற்கு நேரம் கிடைக்கிறது. தண்ணீர் முந்திக்கொண்டு மூச்சுக்குழாய்க்குள் போய்விடுகிறது. எந்தப் பதத்தில் கொடுக்கலாம் என்பதைப் பேச்சு, விழுங்கல் பயிற்சியாளரிடம் காட்டி முடிவு செய்யுங்கள். அதுவரை நேராக உட்கார வைத்து, தலை பின்னால் சாயாமல், அரை டீஸ்பூன் அரை டீஸ்பூனாக, விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்தது. முடிந்ததும் வராத பக்கக் கன்னத்துக்குள் சோறு தங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அரை மணி நேரம் படுக்க வைக்க வேண்டாம். சிலருக்கு இருமலே வராது. சாப்பிட்ட பின் குரல் கரகரவென்று ஈரமாக ஒலித்தாலோ, அடிக்கடி காய்ச்சல் வந்தாலோ உடனே காட்டுங்கள். தினம் இரண்டு வேளை வாயைச் சுத்தம் செய்வது நிமோனியாவைக் குறைக்கும்.

சிங்கப்பூரில் இருக்கிறேன். அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஹோம் நர்ஸ் வைத்திருக்கிறோம். போனில் கேட்டால் 'நல்லா இருக்கார்' என்கிறார்கள். எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், பேராவூரணி

வீடியோவில் அப்பாவின் முகத்தைக் காட்டுவார்கள். குதிகால், வால் எலும்பு, நகம், வாய்க்குள் ஆகியவற்றைக் காட்டச் சொல்லுங்கள். தலை வாரி, பவுடர் பூசி வைக்க ஐந்து நிமிடம் போதும். குதிகாலை அப்படி ஜோடிக்க முடியாது.

கட்டிலருகே ஒரு நோட்டு வைக்கச் சொல்லி, தினம் இரவு அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். புரட்டிய நேரமும் பக்கமும், குடித்த தண்ணீரும் போன சிறுநீரும் மில்லியில், மலம் போனதா. இவ்வளவுதான். எல்லா நேரமும் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதியதாகத் தெரிந்தால் கேளுங்கள். சிறுநீர் ஒரு நாளில் அரை லிட்டருக்குக் கீழே போனால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். மூன்று நாள் மலம் போகாமல், பிறகு நீராகக் கசிந்தால் பேதி என்று மாத்திரை கொடுத்துவிடுவார்கள். உள்ளே இறுகிய மலத்தைச் சுற்றி வழியும் நீராகவும் அது இருக்கலாம்; அந்த மாத்திரை நிலைமையை மோசமாக்கும்.

சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே, தரையில் படாமல் தொங்க வேண்டும். வீல்சேரில் உட்காரும்போது பையை மடியில் வைப்பது வழக்கமான தவறு. குழாய் மாற்றுவதும் மூக்குக் குழாய் போடுவதும் பயிற்சி பெற்ற நர்ஸின் வேலை. ஏஜென்சிகள் 'ஹோம் நர்ஸ்' என்று அனுப்புகிறவர்களில் பலர் நர்ஸிங் படிக்காத உதவியாளர்கள், ஆகவே சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். புரட்டித் தூக்க இரண்டாவது ஆளாக யார் வருவார் என்பதையும் இப்போதே பேசி வையுங்கள்.