களைக்கொல்லி கிணற்றில் இறங்குமா? செட்டிநாட்டுக் கேள்விகள்

கேள்வி (தேவகோட்டை): ஐயா, களைக்கொல்லியாகக் கடலைக்குப் பெண்டிமெத்தலின், கரும்புக்கு அட்ரசின் அடிக்கிறோம். வயலுக்குள்ளேயே குடிநீர்க் கிணறு. எதற்குப் பயப்பட வேண்டும்?

பதில்: அட்ரசினுக்குத்தான் தம்பி. மருந்து மண்ணில் எத்தனை நாள் கெடாமல் கிடக்கும், மண்ணோடு எவ்வளவு ஒட்டும் என்ற இரண்டையும் சேர்த்து 1989-இல் கஸ்டாஃப்சன் என்ற ஆய்வாளர் ஒரு கணக்கு வகுத்தார். விடை 2.8-க்கு மேல் போனால் நீரோடு இறங்கும், 1.8-க்குக் கீழே என்றால் இறங்குவது அரிது. அட்ரசின் பாதி அழியவே சுமார் 60 நாள், ஒட்டுதலும் குறைவு. விடை மூன்றைத் தாண்டிவிடும். பெண்டிமெத்தலினுக்கு 1.8-க்கு வெகு கீழே. ஆனால் மண் அரித்தால் அதோடு சேர்ந்து கண்மாய்க்குப் போகும், வரப்பைப் பலப்படுத்துங்கள்.

கேள்வி (காரைக்குடி): எங்களுடையது செம்புறை மண். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியும் இறங்கிவிடுமா?

பதில்: செம்புறைக்குச் சிவப்பைக் கொடுப்பது இரும்பு ஆக்சைடு. கிளைபோசேட் அதை இறுகப் பற்றிக்கொள்ளும். அட்ரசினைப் பிடித்து வைப்பதோ மண்ணில் மக்கிக் கிடக்கும் இலைதழைச் சத்து. நம் மண்ணில் அதுதான் பஞ்சம். ஒரே மண் ஒன்றைத் தடுக்கிறது, இன்னொன்றை விட்டுவிடுகிறது. அதனால் ‘நம்ம மண்ணு வடிகட்டிடும்’ என்று பொதுவாகச் சொல்வதை நான் ஏற்பதில்லை. செம்புறையில் துளையும் வெடிப்பும் இருந்தால் அந்த வழியே எதுவும் இறங்கும். மழை கருக்கும்போது எந்த மருந்தும் அடிக்காதீர்கள்; தொழு உரம் தாராளமாகப் போடுங்கள்.

கேள்வி (கானாடுகாத்தான்): போர் தண்ணீர் தெளிவாக இருக்கிறது, டிடிஎஸ்ஸும் குறைவு. காய்ச்சிக் குடித்தால் போதாதா?

பதில்: போதாது ஆச்சி. டிடிஎஸ் மீட்டர் தண்ணீரில் கரைந்த உப்பைத்தான் காட்டும். காய்ச்சினாலும் அட்ரசின் போகாது. ஆய்வகத்தில் ‘பூச்சிமருந்து எச்சம்’ பார்க்க வேண்டும் என்று தனியாகக் கேளுங்கள். கண்ணாடிப் பாட்டிலில், மருந்தடித்த பின் வரும் முதல் பெருமழை கழிந்து எடுத்துக் கொடுங்கள்.

கேள்வி (பள்ளத்தூர்): கிணற்றடியில் ஸ்பிரேயர் கழுவலாமா?

பதில்: கூடவே கூடாது. குடிநீரில் அட்ரசினுக்கு இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 2 மைக்ரோகிராம். 5 லட்சம் லிட்டர் தண்ணீர் அந்த வரம்பைத் தொட 1 கிராம் போதும். அதாவது 50 சதவீதத் தூளில் வெறும் 2 கிராம்! மண் வழியாக இறங்கினால் ஓரளவாவது வழியில் அழியும். கிணற்றடியில் ஊற்றினால் அப்படியே உள்ளே போகும். வயலிலேயே மூன்று தடவை அலசி, அந்தத் தண்ணீரையும் அந்தப் பயிருக்கே அடித்துவிடுங்கள்.