கொக்கின் வெள்ளையும் பின்னால் இருக்கும் வானமும்

அண்ணா, வணக்கம்.

பறவைப் படங்கள் பற்றி நீங்கள் எழுதுவதை வாசித்துத்தான் பழைய 150-600 மில்லிமீற்றர் தூர லென்ஸ் ஒன்றை வாங்கினேன். மாரி தொடங்கியதிலிருந்து யாழ்ப்பாணத்தைத் தீவுகளோடு இணைக்கும் பண்ணைத் தாம்போதிக்கும் பறவைகள் கூடும் சுண்டிக்குளத்துக்கும் போய் வருகிறேன். அப்பேச்சர் மோடில்தான் எடுக்கிறேன், லென்ஸ் துளையை நான் வைக்க ஷட்டர் வேகத்தைக் கமரா தெரிவு செய்யும். கண்டல் மரங்களுக்கு முன்னால் பறக்கும் கொக்கு இறகே தெரியாமல் வெள்ளையாக எரிந்துபோகிறது. அதே கொக்கு வானத்துக்கு எழும்பினால் சாம்பலாகிவிடுகிறது. இடையில் முகில் வந்தால் எல்லாமே குழம்பிவிடும். ஒன்பது மணிக்குப் பிறகு எடுத்தது ஒன்றுகூடக் கூர்மையாக இல்லை. சுண்டிக்குளத்தில், வெளிச்சம் போக முதல் பறக்கிற படம் வேண்டுமென்று கூட வந்த ஒருவர் கைதட்டிப் பூநாரைகளை எழுப்பினார். எனக்கு அது சரியாகப் படவில்லை. புதிய கமரா வாங்கினால் படங்கள் திருந்துமா?

க., நாவற்குழி

அன்புள்ள க.,

கண்டலுக்கு முன்னால் பறந்தபோதும் வானத்துக்கு எழும்பியபோதும் அந்தக் கொக்கின் மேல் விழுந்தது ஒரே வெயில். பின்னால் இருந்ததுதான் மாறியது. கமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீற்றருக்கு இது தெரியாது. சட்டத்துக்குள் வருகிற எல்லாவற்றையும் சேர்த்து நடுத்தரமான ஒரு சாம்பலுக்குக் கொண்டுவரப் பார்க்கும். இருண்ட கண்டல் நிறைந்திருந்தால் வெளிச்சத்தைக் கூட்டும், கொக்கு எரியும். வானம் நிறைந்திருந்தால் குறைக்கும், கொக்கு மங்கும். ஆகவே வெளிச்சம் மாறியதா, பின்னணி மாறியதா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். பின்னணி மட்டும் மாறினால் எதையும் தொட வேண்டாம். இந்தக் கேள்வி கைவந்துவிட்டால் உங்கள் சிக்கலில் பெரும்பகுதி தீர்ந்துவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதற்கு, எல்லாவற்றையும் நீங்களே வைக்கும் மானுவல் மோடுக்கு வாருங்கள். சூரியன் நன்றாக ஏறி, தெளிவாக வெயில் எறிக்கும்போது வெள்ளைக் கொக்குக்கு ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 400, லென்ஸ் துளை எஃப்/8, ஷட்டர் 1/3200 செக்கன் என்று தொடங்கலாம். விடிந்த கையோடு என்றால் வெயில் மெல்லியது, ஐஎஸ்ஓவைக் கூட்ட வேண்டும். நிற்கிற கொக்கு ஒன்றை எடுத்து, திரையில் எரிந்த இடங்கள் மினுங்குகிறதா என்று பாருங்கள். மினுங்கினால் மினுக்கம் நிற்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைக் குறையுங்கள். அப்புறம் அந்தக் கொக்கு கண்டலுக்கு முன்னால் போகட்டும், வானத்துக்குப் போகட்டும், இறகு இறகாகவே வரும். பக்கத்துக் கம்பில் சிறகு விரித்து நிற்கும் நீர்க்காகத்துக்குத் திரும்பினால் மட்டும் ஷட்டரை 1/1600க்கு இறக்குங்கள். கறுப்பு இறகில் விவரம் வேண்டுமென்றால் அதற்கு இன்னும் வெளிச்சம் தேவை.

முகில் வேறு கதை. அப்போது வெளிச்சமே மாறுகிறது. நல்ல வெயிலுக்கும் கனத்த மூட்டத்துக்கும் மூன்று ஸ்டொப் அளவு வித்தியாசம் வரும் (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது). அதாவது ஐஎஸ்ஓ 400இல் நின்றவர் 3200க்குப் போக வேண்டும். நம்முடைய பரவைக்கடலில் ஒரு வசதி இருக்கிறது: வெட்டையான நீரில் முகிலின் நிழல் நகர்ந்து வருவதைக் கண்ணால் காணலாம். வாடைக்காற்றுக் காலத்தில் அது பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வரும். நிழல் பறவையைத் தொடும் முன்பே விரல் ஐஎஸ்ஓ சக்கரத்தில் இருக்கட்டும். பெரும்பாலான கமராக்களில் மூன்று கிளிக் ஒரு ஸ்டொப். வெயிலும் நிழலும் நிமிசத்துக்கு நிமிசம் மாறுகிற நாளில் ஓட்டோ ஐஎஸ்ஓ வைத்துக்கொள்வதில் பிழையில்லை. ஆனால் பின்னணி மறுபடி ஏமாற்றும், கமராவின் கணிப்பைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் கொம்பென்சேஷனை விடாமல் பார்க்க வேண்டும்.

யூடியூப்பில் வருகிற ஐரோப்பிய வீடியோக்களைப் பார்த்து நேரத்தைக் கணக்கிடாதீர்கள். லண்டனில் டிசம்பர் நண்பகலிலேயே சூரியன் 15 பாகை உயரத்தில்தான் நிற்கும். அவர்களுக்குப் பகல் முழுக்கச் சாய்ந்த வெளிச்சம். யாழ்ப்பாணத்தில் டிசம்பர் கடைசியில் ஏறத்தாழ 6.20க்கு உதிக்கிற சூரியன் ஏழரைக்கெல்லாம் அந்த 15 பாகையைத் தாண்டப் பார்க்கும். மென்மையான வெயில் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். அதனால் இருட்டோடேயே போய் இடம் பிடியுங்கள். பண்ணையில், தீவுப்பக்கம் பார்த்துப் போகும்போது காலையில் வலது கைப் பக்கத்து நீரைப் பாருங்கள், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். இடது பக்கம் எதிர்வெயில். 

ஒன்பது மணிக்குப் பிறகு கூர்மை போவதற்கு லென்ஸைக் குறை சொல்ல வேண்டாம். வெயில் ஏற ஏறச் சேற்றுத்தரையும் ஆழமில்லாத நீரும் சூடாகி, அவற்றின் மேல் உள்ள காற்று அலையும். 600 மில்லிமீற்றரில் தூரத்துப் பறவையைப் பார்க்கும்போது அந்த அலை முழுவதும் உங்களுக்கும் பறவைக்கும் இடையில் இருக்கிறது. எந்த ஷட்டர் வேகமும் அதை நிறுத்தாது. பறவை கிட்ட இருந்தால் தப்பலாம், அல்லது மூட்டமான நாளில் எடுக்கலாம். வாகனத்துக்குள் இருந்து எடுப்பதென்றால் ஏசியையும் என்ஜினையும் நிறுத்துங்கள். யன்னலில் குளிர்காற்றும் வெளிக்காற்றும் கலக்கும் இடத்திலேயே படம் குழையும்.

சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமாகி, 2015இல் தேசியப் பூங்காவானது. அங்கே கைதட்டி எழுப்பிய பூநாரை இரை தேடும் நேரத்தை இழக்கிறது, பறப்பதற்குச் சக்தியையும் செலவழிக்கிறது. கூடவே இறங்குகிற ஊசிவால் வாத்துகள் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் கடந்து வந்தவை. பங்குனி, சித்திரைக்குள் திரும்பிப் பறக்க இங்கேதான் உடலைத் தேற்றிக்கொள்ள வேண்டும். வெளிச்சம் போகிறதே என்ற அந்தரம் எனக்கும் தெரியும். வெளிச்சம் போனால் அன்றைக்குப் படம் இல்லை, அவ்வளவுதான். அடுத்த தரம் ஒருவர் கை தூக்கினால் தயவுசெய்து தடுங்கள். உங்களுக்கு மனது உறுத்தியது எனக்குச் சந்தோசம்.

புதிய கமரா இப்போதைக்கு வேண்டாம். நான் சொன்ன எதற்கும் உங்களிடம் இருப்பதே போதும். ஜேபெக்கை விட்டு, சென்சர் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரோ ஃபைலாக எடுங்கள். மங்கிப்போன கொக்கை அதில் ஓரளவு மீட்கலாம். முற்றாக எரிந்த வெள்ளையை மீட்க முடியாது. கண்டலுக்கு முன்னால் எரிந்த படங்களில் இரண்டு மூன்றை வெட்டாமல் திருத்தாமல் அனுப்பி வையுங்கள், எந்த ஷட்டரில் எடுத்தீர்கள் என்று பார்த்துச் சொல்கிறேன்.