மாநிலம் முழுக்க ஒரே அறிவியல் தேர்வு: கேள்வி பதில்

மேல்நிலை மாணவர்களுக்கு மாநில அளவில் பொதுவான அறிவியல் தேர்வைத் திட்டமிடுவது பற்றி யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வினாத்தாள் குழுக்களில் பல வருடம் உட்கார்ந்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன்.

சார், வேலையை எங்கிருந்து தொடங்குவது?

ப்ளூ பிரிண்டிலிருந்து. எந்தப் பாடத்துக்கு எத்தனை மதிப்பெண், அதில் மனப்பாடமாக எழுதுவது எவ்வளவு, அட்டவணையையோ வரைபடத்தையோ படித்து முடிவு சொல்வது எவ்வளவு என்று முதலில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அதற்கு முன்னால் வினா கேட்டால், ஆளாளுக்குத் தங்களுக்குப் பிடித்த பாடத்திலேயே எழுதிக்கொண்டு வருவார்கள்.

தேர்வுத் தேதி எப்போது?

உங்கள் தேர்வுத் துறையைக் கேளுங்கள்.

அனுபவமுள்ள ஆசிரியர் எழுதிய வினாவுக்கு முன்னோட்டம், அதாவது முன்கூட்டியே சில மாணவர்களிடம் கொடுத்துச் சோதித்துப் பார்ப்பது, எதற்கு?

‘நீர் எத்தனை டிகிரி செல்சியஸில் கொதிக்கும்?’ இப்படி ஒரு வினா எங்கள் குழுவுக்கு வந்தது. விடை 100. மூத்த ஆசிரியர் எழுதியது, மூன்று பேர் சரிபார்த்தது. முன்னோட்டத்தில், மற்ற வினாக்களையெல்லாம் சரியாகப் போட்ட பிள்ளைகள் சிலர் இதில் மட்டும் 93ஐக் குறித்திருந்தார்கள். விசாரித்தால், எல்லாம் மலைப்பகுதிப் பள்ளிகள். சுமார் 2000 மீட்டர் உயரத்தில் நீர் ஏறக்குறைய 93 டிகிரியில்தான் கொதிக்கும். அழுத்தத்தைக் குறிப்பிடாமல் கேட்டது எங்கள் தப்பு.

நன்றாகப் படிப்பவரையும் படிக்காதவரையும் ஒரு வினா பிரித்துக் காட்டுகிறதா என்று முன்னோட்டத்தில் பார்க்கும் கணக்கும் எளிதுதான். மொத்த மதிப்பெண்ணில் முதல் 27 சதவீதத்தினர், கடைசி 27 சதவீதத்தினர் என்று இரண்டு குழு பிரியுங்கள். ஒரு வினாவை முதல் குழுவில் எத்தனை பங்கு பேர் சரியாகப் போட்டார்களோ, அதிலிருந்து கடைசிக் குழுவின் பங்கைக் கழியுங்கள். 0.3க்கு மேல் வந்தால் நல்ல வினா. 0.2க்குக் கீழே வந்தால் திருத்த வேண்டும். பூஜ்ஜியத்துக்கும் கீழே மைனஸில் வந்தால், வினாவைத் தொடும் முன் விடைக்குறிப்பைப் பாருங்கள்.

முன்னோட்டம் வைத்தால் வினா வெளியே போய்விடாதா?

தனியாக நடத்த வேண்டியதில்லை. உண்மையான தாளிலேயே மதிப்பெண் சேராத சில வினாக்களைக் கலந்துவிடுங்கள். எது என்று மாணவருக்குத் தெரியக் கூடாது.

ஒரு மதிப்பெண் வினாவில் நான்கு விடைகள் கொடுப்பதா, மூன்றா?

மூன்று போதும். 2005இல் தேர்வு முறைகளை ஆராயும் மைக்கேல் ரோட்ரிகஸ் 80 ஆண்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து அதைத்தான் சொன்னார்.

ஏற்க முடியாது சார். குருட்டாம்போக்கில் குறிப்பவனுக்கு 25 சதவீதமாக இருந்த வாய்ப்பு 33 ஆகிவிடுமே?

உங்கள் பழைய தாள் ஒன்றை எடுத்து, நான்காவது விடையை எத்தனை பேர் குறித்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நூற்றுக்கு ஐந்து பேர்கூடத் தொடாத விடை, தாளில் இடத்தை அடைப்பதற்கு மட்டும்தான். மேலே எறிந்த பந்து உச்சியில் நிற்கும் கணத்தில் அதன் முடுக்கம் என்ன என்று கேளுங்கள். ‘பூஜ்ஜியம்’ என்ற தவறான விடை கூட்டத்தையே இழுக்கும், ஏனென்றால் அங்கே திசைவேகம்தான் பூஜ்ஜியம். அப்படி ஆளை இழுக்கிற விடை ஒரு வினாவுக்கு இரண்டு கிடைத்தாலே பெரிது. மிச்சமாகும் நேரத்தில் கூடுதலாகச் சில வினாக்கள் கேட்கலாம்.

போன வருடத் தாள் எளிது, இந்த வருடம் கடினம். எப்படி ஒப்பிடுவது?

இரண்டு தாளுக்கும் பொதுவாகச் சில வினாக்கள் இருக்க வேண்டும். ஐந்தில் ஒரு பங்காவது வையுங்கள். அவற்றை வெளியிட்டுவிட்டால் கதை முடிந்தது.

அமெரிக்காவில் எப்படி?

2015ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 முதல் 12ஆம் வகுப்புக்குள் ஒருமுறையாவது ஒவ்வொரு மாநிலமும் அறிவியல் தேர்வு வைத்தாக வேண்டும்.

முன்னோட்டம் கட்டாயமா சார்?

மேலே சொன்னதைப் படியுங்கள்.

நேரம் குறைவு, முன்னோட்டத்தை விட்டுவிடலாமா?

நூறு டிகிரி கதையை இன்னொரு தடவை படியுங்கள்.

மூன்று விடை என்றால் எங்கள் குழு ஒத்துக்கொள்ளாது சார்.

நீங்கள் விடமாட்டீர்கள் போலிருக்கிறது. சரி, நான்கே வையுங்கள். ஆனால் நான்காவதாக ‘மேற்கண்ட அனைத்தும்’ என்று போட்டு நிரப்பாதீர்கள். இரண்டு சரி என்று தெரிந்தவன், மூன்றாவதைப் படிக்காமலே அதைக் குறித்துவிடுவான்.