எந்த 'லே மிஸராப்' கேட்பது?

ஐயா,

விக்டர் ஹியூகோவின் 'லே மிஸராப்' நாவலைச் சுத்தானந்த பாரதியார் தமிழில் தந்த 'ஏழை படும் பாடு' படித்து முடித்தேன். அந்தக் கதை லண்டனில் இசை நாடகமாகப் பல ஆண்டுகளாக ஓடுகிறது என்று அறிந்து, பாட்டுச் செயலியில் தேடினால் ஏழெட்டுத் தொகுப்புகள் வருகின்றன. லண்டன் குழு, நியூயார்க்கின் பிராட்வே குழு, பத்தாம் ஆண்டு, இருபத்தைந்தாம் ஆண்டு, திரைப்படம்... பாட்டு வரிசைகூட ஒன்றுபோல் இல்லை. நாடகத்தை நேரில் பார்க்க எனக்கு வாய்ப்பில்லை. எதில் தொடங்கலாம்?

எஸ்., கும்பகோணம்

அன்புள்ள எஸ்.,

நேரில் பார்க்க முடியாது என்பதால் 1988இல் பதிவான முழுத் தொகுப்பில் தொடங்குங்கள். 'கம்ப்ளீட் சிம்ஃபோனிக் ரெக்கார்டிங்' என்று தலைப்பிலேயே இருக்கும். மூன்று குறுந்தகடுகள், ஏறக்குறைய மூன்று மணி நேரம். இந்த நாடகத்தில் பேச்சு வசனம் அநேகமாகக் கிடையாது. பேரம், விசாரணை, சண்டை எல்லாமே பாட்டுதான். பாட்டை வெட்டினால் கதையும் சேர்ந்து போய்விடும்.

ஓர் உதாரணம். பாதிரியார் மன்னித்து அனுப்பியதும் கதாநாயகன் ழான் வல்ழான் தனக்குள் குமுறும் இடம் ஆரம்பத்தில் வருகிறது. கடைசிப் பகுதியில், அவனைத் துரத்தும் காவல் அதிகாரி ஜாவர் ஆற்றில் குதிக்கும் முன் பாடுவதும் அதே மெட்டுதான். ஒருவன் அந்த மெட்டில் புது வாழ்வு தொடங்குகிறான், இன்னொருவன் அதே மெட்டில் உயிரை விடுகிறான். 'ஹைலைட்ஸ்' என்று போட்ட ஒற்றைத் தகட்டில் இரண்டில் ஒன்று விடுபட்டால் அந்தப் பிணைப்பு காதில் விழாது. 1988 தொகுப்புக்கே அப்படி ஒரு சுருக்கப் பதிப்பு உண்டு, ஆகவே வாங்கும் முன் மொத்த நேரத்தைப் பாருங்கள்.

அந்தத் தொகுப்பிலும் குறை இருக்கிறது. ழான் வல்ழானாகப் பாடும் கேரி மாரிஸ் அமெரிக்க 'கன்ட்ரி' இசைப் பாடகர். ஜாவராகப் பாடும் ஃபிலிப் குவாஸ்ட் சிட்னி மேடையிலிருந்து வந்தவர், எப்போனீனாகப் பாடும் காஹோ ஷிமாடா டோக்கியோ மேடையிலிருந்து. வெவ்வேறு நாடுகளில் பதிவு செய்து ஒட்டியது என்பதால், இருவர் மோதிக்கொள்ளும் 'கன்ஃப்ரண்டேஷன்' போன்ற இடங்களில் அனல் போதவில்லை. குவாஸ்ட் மட்டும் விதிவிலக்கு. ஜாவரை வெறும் வில்லனாக்காமல், சட்டத்தை வேதமாக நம்பும் மனிதனாகவே பாடுகிறார். (அந்த வேடம் நடிகரை லேசில் விடாது போலும். 1950இல் நம் 'ஏழை படும் பாடு' படத்தில் அதை ஏற்ற சீதாராமன், கடைசிவரை ஜாவர் சீதாராமன்தான்.)

அனல் வேண்டுமென்றால் 1985 லண்டன் குழுவிடம் போங்கள். அக்டோபர் 8 அன்று பார்பிகன் அரங்கில் தொடங்கிய முதல் ஆங்கிலக் குழு அது. நாடகத்தின் வடிவம் அப்போது முழுதாக உறையவில்லை, வரிசை மாறுவதற்குக் காரணம் இதுதான். ஜாவரின் 'ஸ்டார்ஸ்' அதில் பாரிஸ் தெருக்காட்சிக்கு முன்பே வந்துவிடும். 1987 பிராட்வேக்குப் போனபோது, தெருவில் ழான் வல்ழான் கைநழுவிப் போன பிறகு என்று மாற்றினார்கள். சரியான மாற்றம்: அவனைப் பிடித்தே தீருவேன் என்ற அந்தச் சபதத்துக்கு இப்போது ஒரு காரணம் இருக்கிறது. அதே சமயம், வல்ழான் வளர்க்கும் பெண் கோஸெத்தின் 'ஐ ஸா ஹிம் ஒன்ஸ்' பிராட்வேக்கு முன்பே வெட்டப்பட்டதால் அதற்கு லண்டன் பதிவைத்தான் நாட வேண்டும். தெருச் சிறுவன் காவ்ரோஷின் 'லிட்டில் பீப்பிள்' நீளமாகக் கிடைப்பதும் அங்கேதான். எண்பதுகளின் சின்தசைசர் ஒலி மட்டும் கொஞ்சம் உறுத்தும்.

பிராட்வே பதிவை அவசரமாகத் தேட வேண்டாம். கோம் வில்கின்சன் இரண்டிலும் ழான் வல்ழான். ஜாவர் பிடித்துப்போனால் டெரன்ஸ் மேனின் கரடுமுரடான குரலுக்காகப் பிறகு கேளுங்கள்.

1995 அக்டோபர் 8 அன்று ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்த பத்தாம் ஆண்டுக் கச்சேரிதான் குரல் பலத்தில் முதலிடம். வில்கின்சன், குவாஸ்ட், லீ சலோங்கா, மைக்கேல் பால் எல்லோரும் ஒரே மேடையில். இணைப்புக் காட்சிகள் சில இல்லை, கைதட்டல் குறுக்கிடும். கதை தெரிந்த பிறகு கேட்டால் இரண்டும் தொந்தரவாகத் தோன்றாது.

தொகுப்புகளை ஒப்பிட 'பிரிங் ஹிம் ஹோம்' ஒன்று போதும். தொடக்கத்திலேயே ஒரு ஸ்தாயி மேலே தாவ வேண்டும், அதுவும் சத்தம் போடாமல், பிரார்த்தனையாக. 1985 ஒத்திகையின்போது வில்கின்சனின் குரலுக்கென்றே எழுதப்பட்ட பாட்டு அது, நாடகத்தின் மூலமான 1980 பிரெஞ்சுத் தொகுப்பில் கிடையாது. அவர் மேல் ஸ்வரங்களைக் கள்ளக்குரலில் நூலாக இழுக்கிறார், வயதானவனின் நடுக்கம் அதில் தெரிகிறது. 2010 இருபத்தைந்தாம் ஆண்டுக் கச்சேரியில் ஆல்ஃபி போ பாடுவது ஓபரா பயின்ற குரல். சுருதி சுத்தம், முழுமையான நாதம், ஆனால் களைப்பு குறைவு. எனக்கு வில்கின்சன், உங்களுக்கு மாறலாம். அடுத்து 'ஒன் டே மோர்' கேளுங்கள். பல பாத்திரங்கள் ஒரே நேரத்தில் பாடும்போது ஒவ்வொருவர் வரியும் தனித்துக் கேட்டால் அது நல்ல பதிவு.

செயலியில் ஷஃபிளை அணைத்துவிடுங்கள், ஒரு பாட்டின் முடிவை அடுத்ததோடு கலக்கும் கிராஸ்ஃபேடைப் பூஜ்யமாக்குங்கள், பாட்டுகளை இடைவெளியின்றி இணைக்கும் கேப்லெஸ் வசதி இருந்தால் இயக்குங்கள். பாட்டுகள் இடைவெளியின்றி ஒன்றிலிருந்து ஒன்றாக ஓடுவதால், இல்லையென்றால் வரியின் நடுவே விக்கும்.

2012 திரைப்பட இசைதான் தேடலில் முதலில் வந்து நிற்கும். அதை முதலில் கேட்காதீர்கள். படப்பிடிப்பில் கேமரா முன்னாலேயே பாடிப் பதிவு செய்தது அது. முகத்தை அருகில் காட்டுவதற்காகத் தாழ்த்திப் பாடியது, முகம் இல்லாமல் பாதிதான் நிற்கும். 'ஐ ட்ரீம்ட் எ ட்ரீம்' பாட்டையும் அதில் 'லவ்லி லேடீஸ்' பாட்டுக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள்.