முன்சக்கரம் தூக்கி ஓடும் கார்கள்: கேள்வி பதில்

பழைய அமெரிக்க டிராக் ரேஸ் (நேர்கோட்டில் குறுகிய தூரம் ஓடும் வேகப் பந்தயம்) பற்றி, அதிலும் வீல்ஸ்டாண்டர் கார்களைப் பற்றி, நண்பர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள்.

கேள்வி: வீல்ஸ்டாண்டர் என்றால் பையன்கள் பைக்கில் செய்யும் வீலிங் மாதிரியா?

அதேதான், ஆனால் முழு கார். கால் மைல், அதாவது 402 மீட்டர் தூரமும் மூக்கு வானத்தைப் பார்க்க, பின்சக்கரங்களில் மட்டும் ஓடும். யாரையும் முந்த வேண்டியதில்லை. பந்தயங்களுக்கு நடுவே கூட்டத்துக்குக் காட்டவென்றே பணம் கொடுத்து வரவழைப்பார்கள்.

கேள்வி: இந்த யோசனை யாருக்கு வந்தது சார்?

யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடமே அதுதான். டாட்ஜ் ஏ100 என்ற சின்ன பிக்கப் வண்டியில் ஹெமி என்ற சக்திவாய்ந்த 426 கன அங்குல இன்ஜினை, அதாவது சுமார் 7 லிட்டர் இன்ஜினை, கேபினுக்குப் பின்னால் வைத்தார்கள். பந்தயத்தில் ஓட்டத்தான் கட்டினார்கள். எடையெல்லாம் பின்னால் போய்விட்டதால், ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் முன்பக்கம் எழும்பிவிட்டது. பந்தய வண்டிக்கு அது குறை. ஆனால் பார்த்தவர்களுக்கு அதுதான் வேண்டியிருந்தது! ‘லிட்டில் ரெட் வேகன்’ என்ற பெயரில் பில் ‘மேவரிக்’ கோல்டன் அதை ஊர் ஊராகக் கொண்டுபோய் ஓட்டினார். 1965இல் கியர் லீவர் தயாரிக்கும் ஹர்ஸ்ட் நிறுவனம் பிளிமத் பாரகூடா காரின் பெரிய பின் கண்ணாடிக்கு அடியில் ஹெமி இன்ஜினை வைத்தது. ‘ஹெமி அண்டர் கிளாஸ்’ என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

கேள்வி: முன்சக்கரம் தரையில் இல்லையென்றால் எப்படித் திருப்புவார்கள்?

நல்ல கேள்வி. ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் அந்த நேரத்தில் பயன் இல்லை. டிராக்டர் ஓட்டியவர்களுக்கு வழி உடனே புரியும். வயல் மூலையில் திரும்ப இடது, வலது சக்கரங்களுக்குத் தனித்தனி பிரேக் பெடல் இருக்கிறதல்லவா? இங்கே அதற்குப் பதில் கை லீவர்கள். இடது லீவரை இழுத்தால் இடது பின்சக்கரம் வேகம் குறைய, கார் இடப்பக்கம் நகரும். கொஞ்சம் அதிகமாக இழுத்துவிட்டால் தடுப்புச் சுவர்தான்.

முன் கண்ணாடியில் தெரிவது வெறும் ஆகாயம். அதனால் சில வண்டிகளில் காலடியில் கண்ணாடி பதித்து, அது வழியே பாதையைப் பார்ப்பார்கள். அதே சமயம் கால் ஆக்ஸிலரேட்டரை அளந்து மிதிக்க வேண்டும்: குறைந்தால் முன்பக்கம் இறங்கிவிடும், கூடினால் வால் தரையில் உரசும். அப்படியே மல்லாந்துவிடாமல் இருக்கப் பின்னால் சின்னச் சக்கரங்களோ உலோகத் தகடோ இருக்கும். இரவு ஓட்டத்தில் அந்தத் தகடு உரசித் தீப்பொறி பறக்கும்போது ஜனம் எழுந்து நின்றுவிடும்.

கேள்வி: ஆபத்து இல்லையா?

இருக்கிறது. முன்சக்கரங்கள் இறங்கும் நொடியில் அவை நேராக இல்லாவிட்டால் கார் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும். 2016இல் ஹெமி அண்டர் கிளாஸை பாப் ரிகில் ஓட்ட, பக்கத்தில் டிவி தொகுப்பாளர் ஜே லெனோ உட்கார்ந்திருந்தார். கார் உருண்டது. ரிகிலுக்கு அப்போது வயது 80. இருவரும் தப்பித்தார்கள்.

கேள்வி: அந்தக் காலப் பந்தயம் போல வராது என்கிறார்களே, உண்மையா?

எல்லாவற்றிலும் இல்லை. கலிபோர்னியாவின் லயன்ஸ் டிராக் ஸ்டிரிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1955இல் திறந்து 1972 டிசம்பரில் மூடிய களம், இன்றும் பலர் ஏங்கும் இடம். அங்கேதான் 1970 மார்ச்சில் புகழ்பெற்ற டிராக் ரேஸ் வீரர் டான் கார்லிட்ஸின் வண்டியில் டிரான்ஸ்மிஷன் வெடித்து, அவரது வலது பாதத்தின் ஒரு பகுதி போனது. அப்புறம்தான், தனக்கு முன்னால் இருந்த இன்ஜினை முதுகுக்குப் பின்னால் வைத்த வண்டியைக் கட்டி, 1971இல் அதிலேயே ஜெயித்தார். அந்த ஆபத்து திரும்பி வர வேண்டாம். நான் ஏங்குவது வேறொன்றுக்கு: தன் கையால் கட்டிய வண்டியைத் தானே ஓட்டி, ராத்திரியே டிரெய்லரில் ஏற்றி அடுத்த ஊருக்குப் போன அந்த வாழ்க்கைக்கு.

கேள்வி: அமெரிக்கா போகிறேன் அண்ணா, எங்கே பார்க்கலாம்?

பழைய வண்டிகளுக்கு கலிபோர்னியாவின் பொமோனாவில் வாலி பார்க்ஸ் அருங்காட்சியகம், புளோரிடாவின் ஒகாலாவில் கார்லிட்ஸ் அருங்காட்சியகம். ஓடுவதையே பார்க்க வேண்டுமானால் கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டு அருகே ஃபமோசோவில் நடக்கும் மார்ச் மீட் என்ற பழைய பாணி டிராக் பந்தயம். காதுக்குப் பஞ்சு போதாது தம்பி, நைட்ரோமீத்தேன் எரிபொருளில் ஓடும் நைட்ரோ இன்ஜின் சத்தம் நெஞ்சுக்கூட்டையே அதிரவைக்கும். நல்ல இயர்மஃப் எடுத்துப் போங்கள்.