லாபம் வர்ற தொழில்ல கையில காசு இல்லாம போகுமா?

கேள்வி கேட்ட தம்பி, நீங்க பி.காம் ரெண்டாவது வருஷம்னு போட்டிருக்கீங்க, மசாலாப் பொடி அரைச்சு கடைகளுக்குப் போடுற யோசனைன்னும் சொல்லிருக்கீங்க. "லாபத்துல ஓடுற தொழில் கூட காசில்லாம படுத்துரும்"னு வாத்தியார் சொன்னது எப்படின்னு புரியலன்னு கேட்டீங்க. படுக்கும் தம்பி. எனக்குப் படுத்துச்சு, அதனாலதான் பதில் எழுத உக்காந்துட்டேன்.

நான் மதுரை ஜெய்ஹிந்துபுரத்துல அப்பளம் போடுறவ, பதினோரு வருஷமாச்சு. சிஏ படிச்சவங்க யாராச்சும் வந்து சாமான் பழசாகி மதிப்பு குறையுற தேய்மானத்தைச் சேர்க்கலையேன்னு சண்டைக்கு நிக்காதீங்க, நான் பத்தாவது வரைக்கும்தான், என் நோட்டுல இருக்குறதைத்தான் எழுதுறேன்.

நூறு கிராம் பாக்கெட் ஒண்ணுக்கு உளுந்து மாவு, உப்பு, அப்பளக்காரம், எண்ணெய் எல்லாம் சேர்த்து 13 ரூபா, தேய்க்கிற கூலி 5, கவர் ஆட்டோ 2, ஆக 20. கடைக்கு 25-க்குப் போடுவேன். வாடகை, கரண்ட்டு, சில்லறைச் செலவு மாசம் 15,000, இது ஒரு பாக்கெட் கூட போடாட்டியும் போயிரும். பாக்கெட்டுக்கு 5 ரூபா நிக்குதுன்னா 3,000 பாக்கெட் வித்தாத்தான் அந்த 15,000 அடையும், அதுக்கு மேலதான் நமக்கு. உங்க புஸ்தகத்துல பிரேக் ஈவன்னு இருக்கே, அது இம்புட்டுதான். நான் மாசம் 5,000 பாக்கெட் போட்டுக்கிட்டிருந்தேன், 10,000 நிக்கும், கீழமாசி வீதிக் கடைக்காரங்க அடுத்த சரக்கு இறக்கும்போது பழைய காசைக் குடுத்துருவாங்க, ஒரு கஷ்டமும் இல்ல.

2022 ஆவணியில ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்ல மாசம் 10,000 பாக்கெட் கேட்டாங்க, பணம் 60 நாள் கழிச்சு. நோட்டுல போட்டுப் பார்த்தேன், 2,50,000-க்கு விக்கிறோம், 2,00,000 செலவு, கூடுதலா 50,000 லாபம். சந்தோசத்துல அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல. ஆனா அந்தக் கணக்குல தேதியே இல்ல தம்பி.

லாபக் கணக்குல பில் போட்ட அன்னிக்கே வித்ததா ஏறிரும். காசு அன்னிக்கு வராது. மாவு மில்லுக்கு வாரா வாரம், கூலி சனிக்கிழமை சாயங்காலம், ரெண்டுமே காத்திருக்காது. அப்ப முத ரூபா கையில வர்றதுக்கு முன்னாடி ரெண்டு மாசச் செலவு 4 லட்சம் நான் போட்டாகணும். என்கிட்ட இருந்தது 1,80,000. அவங்களும் 60 நாள்ல தரல, இன்னிக்கு வாங்க நாளைக்கு வாங்கன்னு அலைய விட்டு 90 நாளாக்குனாங்க, அது 6 லட்சமாச்சு. இடையில ஐப்பசி அடைமழை வேற. மாடியில காயப்போட வழியில்லாம ஒன்பது நாள், தேய்ச்சு வச்சதெல்லாம் ஓரம் சுருண்டு பூசணம் பிடிச்சுப் போச்சு, வாடகை மட்டும் நிக்கல.

அதுல ஒரு சனிக்கிழமை, எட்டு அக்காங்க குழவியெல்லாம் கழுவி சுவத்தோரமா வச்சுட்டு, முந்தானையில கையைத் துடைச்சுக்கிட்டு கூலிக்கு உக்காந்திருக்காங்க. என் கையில 4,000 ரூபா. வளையல் ஏற்கனவே அடகுல. நோட்டுப்படி பார்த்தா அன்னிக்கு நான் கிட்டத்தட்ட ஒரு லட்ச ரூபா லாபத்துல இருக்கேன்! செயினைக் கழட்டிக்கிட்டு ஓடுனேன்.

தண்டல் வாங்கிருக்கலாமேன்னு கேப்பீங்க. 10,000-ன்னு எழுதி 8,500 கையில குடுப்பாங்க, தினம் 100 வீதம் நூறு நாள் கட்டணும். 1,500 தானேன்னு தோணும், ஆனா தினமும் அசல் குறைஞ்சுக்கிட்டே வருது, பாதிப் பணம்தான் சராசரியா நம்மகிட்ட இருக்கும், வருஷத்துக்குக் கணக்குப் போட்டா வட்டி 100 பர்சன்ட்டைத் தாண்டிரும். அதைத் தொடாதீங்க.

பேங்குக்கும் போனேன். சின்னத் தொழிலுக்கு அரசாங்கத் திட்டத்துல குடுக்குற முத்ரா லோன், அப்ப 10 லட்சம் வரைக்கும் ஈடு இல்லாமத் தரணும்னு இருந்துச்சு, நான் கேட்டது 3 லட்சம். வீட்டுப் பத்திரம் கேட்டாங்க, அப்புறம் வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்கன்னாங்க. தொழில் என் பேர்ல, கணக்கு என் பேர்ல, எட்டு வருஷமா பணம் போட்டு எடுக்குறது நான், அவர் கொத்தனார் வேலைக்குப் போறவரு, அவருக்கு உளுந்து விலை கூடத் தெரியாது. கேள்விக்குச் சம்பந்தமில்லதான், மன்னிச்சுக்கோங்க, ஆனா இன்னிக்கும் நினைச்சா வயிறு எரியுது.

யாரும் எனக்குச் சொல்லாத ஒண்ணு இருக்கு. சின்னத் தொழிலுக்குன்னு அரசாங்கத்துல இருக்குற உத்யம் பதிவு பண்ணிருந்தா, 2006-ல வந்த சின்னத் தொழில் சட்டப்படி, என்ன ஒப்பந்தம் போட்டிருந்தாலும் சரக்கு வாங்குனவங்க 45 நாளுக்குள்ள பணம் தந்தாகணும், தப்புனா ரிசர்வ் பேங்க் ரேட்டைப் போல மூணு மடங்கு கூட்டு வட்டி. பதிவு பண்ண ஒரு பைசா செலவில்ல, பிரவுசிங் சென்டர்ல ஆயிரக்கணக்குல கேட்டா குடுக்காதீங்க.

அப்பளத்துக்கு ஜிஎஸ்டி இல்ல, அதுல நான் தப்பிச்சேன். வரி உள்ள சரக்கு, ஜிஎஸ்டி பதிவும் பண்ணிருக்கீங்கன்னா, பில் போட்டதுக்கான வரியை உரிய தேதிக்குள்ள, கடைக்காரர் காசு தந்தாலும் தராட்டியும் நீங்க கட்டணும், ஆடிட்டர்கிட்ட முதல்லயே கேட்டுக்கோங்க.

உங்களுக்கு வத்தலும் மல்லியும் ரொக்கத்துக்குத்தான் கிடைக்கும். வாங்குற நாள்ல இருந்து கடைக்காரர் காசு தர்ற நாள் வரைக்கும் எத்தனை நாள்னு எண்ணுங்க, ஒரு நாள் செலவால பெருக்குங்க. அந்தத் தொகை கையில இல்லன்னா சரக்கு போடுற கடைகளைப் பாதியாக் குறைங்க. பயந்தாங்கொள்ளித்தனம்னு சொல்றவங்க சொல்லட்டும்.

அதே சூப்பர் மார்க்கெட்டுக்கு இப்பவும் போடுறேன், மாசம் 3,000 பாக்கெட் மட்டும், பில்லுல உத்யம் நம்பரோட, பழைய பில்லுக்குப் பணம் ஏறுனாத்தான் அடுத்த பெட்டி வண்டியில ஏறும். செயினைத் திருப்பிட்டேன். வளையல் மூழ்கிப் போச்சு.