தோட்டம் போட மாஸ்டர்ஸ் எதுக்கு?

வாசகர் கேள்விகளுக்கு ஒரு நிலவடிவமைப்பாளரின் பதில்கள்

கேள்வி: கட்டடக்கலை முடித்த என் மகள், லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சரில் முதுகலை படிக்கப் போகிறேன் என்கிறாள். அதிலும் பருவநிலை மாற்றத்தை மையமாக வைத்த படிப்பாம். தோட்டம் போடுவதற்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பா? – ஒரு தந்தை

பதில்: ஐயா, இதே கேள்வியை என் அப்பாவும் கேட்டார். நான் சொன்ன பதில் அவருக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. உங்களிடமாவது சரியாகச் சொல்ல முடிகிறதா பார்ப்போம்.

முதல் செமஸ்டரில் ஒரு சின்னச் சதுக்கத்துக்கு மழைத்தோட்டம் வடிவமைக்கச் சொன்னார்கள். சுற்றிலும் பெய்யும் மழையை ஒரு பள்ளத்துக்குக் கொண்டுவந்து, செடிகளுக்கு நடுவே மண்ணுக்குள் இறக்க வேண்டும். மூன்று வாரம் கண்விழித்து, அட்டையை அடுக்கடுக்காக வெட்டி ஒட்டி மாடல் செய்தேன். மாணவர்களின் வேலையை மதிப்பிடும் ஜூரி அன்று வந்த பேராசிரியர் என் வரைபடங்கள் பக்கம் திரும்பவே இல்லை. மேசையிலிருந்த டம்ளரை எடுத்து, மாடலின் மேட்டுப் பக்கத்தில் மெதுவாகத் தண்ணீரை ஊற்றினார். நான் ஆசை ஆசையாக வெட்டிவைத்த பள்ளத்தின் ஓரமாக நழுவிய தண்ணீர், நேரே போய்க் கட்டட வாசலில் நின்றது. “வாட்டம் எங்கேம்மா?” என்று மட்டும் கேட்டார். அட்டை ஊறி உப்பிவிட்டது. அதை நான் வீட்டுக்குக்கூட எடுத்துப் போகவில்லை.

உங்கள் மகள் படிக்கப் போவது பெரும்பாலும் அந்த வாட்டத்தை, அதாவது தண்ணீரை வழிநடத்தும் சரிவைத்தான். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். 1,000 சதுர மீட்டர் வாகன நிறுத்துமிடத்தில் 50 மி.மீ. பெய்தால் 50,000 லிட்டர். தார் போட்டிருந்தால் அதில் ஏறக்குறைய மொத்தமும் ஓடிவிடும். மரமும் பொலபொலப்பான மண்ணும் இருந்தால் பெரும்பங்கு அங்கேயே தங்கும். ஓடுகிற தண்ணீர் யார் வீட்டுச் சுவரில் போய் முட்டுகிறது என்பது அடுத்த கேள்வி.

பாங்காக்கில் 2017-இல் திறந்த சுலலாங்கோர்ன் நூற்றாண்டுப் பூங்காவின் படங்களை மகளிடம் காட்டச் சொல்லுங்கள். கோட்சகோர்ன் வோராகோம் என்ற வடிவமைப்பாளர் 11 ஏக்கர் பூங்காவையே 3 டிகிரி சாய்த்துவிட்டார். மேல்முனையில் பசுமைக் கூரை. அங்கிருந்து இறங்கும் மழை, ஈரநிலங்களைத் தாண்டிக் கீழ்முனைக் குளத்தில் சேர்கிறது. வெள்ளம் வந்தால் சுமார் 38 லட்சம் லிட்டர் பிடிக்கும். நடந்து போகிறவருக்குச் சாய்வு தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். ஆமாம், இதுவும் தோட்டம்தான் ஐயா.

கேள்வி: நான் தாவரவியல் பட்டதாரி. எனக்கு நேராக ஒரு கோடுகூட வரையத் தெரியாது. இந்தப் படிப்பில் சேரலாமா? – ஒரு வாசகி

பதில்: தாராளமாக. ஆனால் விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் வடிவமைப்புப் பட்டம் இல்லாமல் உள்ளேயே விடமாட்டார்கள். அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் இதற்கென்றே இரண்டு வாசல் வைத்திருக்கின்றன: ஏற்கெனவே வடிவமைப்பு படித்தவருக்கு இரண்டு ஆண்டு, மற்ற துறையிலிருந்து வருபவருக்கு மூன்று ஆண்டு. நியூயார்க்கில் ஸ்டேட்டன் தீவுக் கரையோரம் 2024-இல் கட்டி முடிந்த உயிருள்ள அலைத்தடுப்புகளை வடிவமைத்தது கேட் ஓர்ஃப் என்ற நிலவடிவமைப்பாளரின் குழு. 2012-இல் சாண்டி புயல் அடித்து நொறுக்கிய கரை அது. அலையின் வேகத்தைக் குறைக்கும் கற்குவியல்களிலேயே மீனும் சிப்பியும் ஒண்டிக்கொள்ள இடுக்குகள் விட்டிருக்கிறார்கள். இந்த ஓர்ஃப் இளங்கலையில் படித்தது அரசியல், சமூகச் சிந்தனை. நிலவடிவமைப்புக்கு வந்தது முதுகலையில்தான்.

வரைவது பழகிவிடும். முதல் செமஸ்டரில் அழுகை வரும், அது எல்லோருக்கும் வரும். உங்களுக்கு வேறொரு சிக்கல் இருக்கிறது, தாவரவியல்காரர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது. செடியின் பெயர், குடும்பம், பூவின் அமைப்பு எல்லாம் விரல்நுனியில் இருக்கும். ‘பத்து வருடம் கழித்து இந்த மரத்தின் நிழல் மதியம் மூன்று மணிக்கு எங்கே விழும்?’ என்று கேட்டால் முழிப்பார்கள்.

விண்ணப்பத்தோடு அனுப்பும் போர்ட்ஃபோலியோவுக்குப் பூக்களின் க்ளோஸ்-அப் படங்களை அடுக்க வேண்டாம். ஏதாவது ஒரு மரத்தையோ ஒரு மூலை நிலத்தையோ எடுத்துக்கொண்டு சில மாதங்கள் கவனியுங்கள். நிழல் எங்கே நகர்கிறது, மழை விட்டு எவ்வளவு நேரம் ஈரம் நிற்கிறது, ஜனங்கள் எந்தக் குறுக்குவழியில் நடக்கிறார்கள் என்று கோணல்மாணலாகவாவது வரைந்து, தேதியோடு குறித்து வையுங்கள். அப்படி ஒரு நோட்டு என் மேசைக்கு வந்தால், கோடு நேராக இருக்கிறதா என்று பார்க்கமாட்டேன்.

கேள்வி: எந்தக் கல்லூரியின் கையேட்டைப் பிரித்தாலும் ‘பருவநிலை’, ‘மீள்திறன்’ என்ற சொற்கள்தான். உண்மையிலேயே கற்றுக்கொடுக்கும் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? – இறுதியாண்டு மாணவர்

பதில்: நல்ல சந்தேகம் தம்பி. கையேட்டின் அட்டையை விட்டுவிட்டு, யார் பாடம் எடுக்கிறார்கள் என்ற பக்கத்துக்குப் போங்கள். 1950-களில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இந்தத் துறையைக் கட்டியெழுப்பிய இயன் மெக்ஹார்க், நாளடைவில் நிலவியலாளர், நீரியலாளர், சூழலியலாளர், மானிடவியலாளர் எல்லோரையும் வகுப்பறைக்கு அழைத்து வந்தார். மண், நீர், தாவரம் ஒவ்வொன்றையும் தனித்தனி வரைபடமாக ஒளி ஊடுருவும் தாளில் வரைந்து, ஒன்றின்மேல் ஒன்று வைத்து நிலத்தைப் படிக்கவைத்தார். நீங்கள் பார்க்கும் துறையில் மண்ணுக்கும் நீருக்கும் ஆள் இல்லை, வடிவமைப்பாளர்கள் மட்டும்தான் என்றால், யோசியுங்கள்.

அப்புறம், ஸ்டுடியோ என்கிற வடிவமைப்பு வகுப்பில் எந்த மழைக் கணக்கை வைத்து வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள். கடந்த காலப் பதிவுகளை மட்டுமா, வரப்போகும் மழைக்கான மதிப்பீடுகளையும் சேர்த்தா? காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். பழைய கணக்குக்கு வெட்டிய வடிகால் புது மழைக்குப் போதாது. 2011 ஜூலையில் கோபன்ஹேகன் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. மூன்று மணி நேரத்துக்குள் 100 மி.மீட்டருக்கு மேல் கொட்டியது. அடுத்த ஆண்டே, குழாய்களை மட்டும் நம்பாமல் தெருக்களும் பூங்காக்களும் மழையைத் தாங்கிக்கொள்ளும்படி ஒரு மேகவெடிப்புத் திட்டம் போட்டார்கள். கரிக்கணக்கும் அப்படித்தான். நூறு மரம் நட்டதைச் சொல்வார்கள். அவற்றைச் சுற்றிப் போட்ட கான்கிரீட் எவ்வளவு கரியமில வாயுவை வெளியிட்டது என்று கழிக்க மாட்டார்கள். மாணவர்களைக் கழிக்கச் சொல்லும் ஆசிரியர் இருந்தால் அந்த இடம் தேறும்.

எனக்கு முக்கியமான கேள்வி வேறு: முடிந்துபோன பணிகளைப் பார்க்க மாணவர்களைத் திரும்ப அழைத்துப் போகிறார்களா? வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வளாகத்துக்கு மழைத்தோட்டம் செய்தோம். இந்த முறை வாட்டம் கச்சிதம். முதல் மழையில் தண்ணீர் சொன்னபடி வந்து நின்றது, படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். நான்காம் நாள் போன் வந்தது: தண்ணீர் இன்னும் அப்படியே நிற்கிறது, கொசு மொய்க்கிறது. போய்த் தோண்டினோம். ஒரு சாணுக்குக் கீழே மண்வெட்டி இறங்க மறுத்தது. கட்டுமானம் நடந்த மாதங்களில் கனரக வண்டிகளை அந்த இடத்தில்தான் நிறுத்தியிருக்கிறார்கள். மண் இறுகிச் செங்கல் மாதிரி ஆகிவிட்டது. பிடுங்கிப் பார்த்த செடிகளின் வேர்கள் கீழே போக வழியில்லாமல் பக்கவாட்டில் சுருண்டு அழுகியிருந்தன. தப்பு என்னுடையது. ‘இங்கே வண்டி ஏறக் கூடாது, வேலி கட்டு’ என்று வரைபடத்தில் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். அந்த வரிக்குக் கல்லூரியில் யாரும் மதிப்பெண் போட்டதில்லை.

இப்போதெல்லாம் எந்த சைட்டுக்குப் போனாலும் முதலில் ஒரு அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, தண்ணீர் நிரப்பி வடியவிடுவேன். மறுபடி நிரப்பி, கடிகாரத்தைப் பார்ப்பேன். ஒரு நாள் கழித்தும் தண்ணீர் நின்றால், அங்கே மழைத்தோட்டம் என்ற பேச்சையே எடுப்பதற்கு முன் மண்ணைச் சரிசெய்ய வேண்டும். நீங்கள் விண்ணப்பிக்கும் இடத்தில் படிப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், இப்படி ஒரு குழியாவது தோண்டினார்களா என்று.

கேள்வி: சேர்வதற்கு முன் எந்த மென்பொருள் கற்றுக்கொள்ள வேண்டும்? – இன்னொரு வாசகர்

பதில்: நிலத்தின் தகவல்களை வரைபடமாக அடுக்கிப் பார்க்கும் ஜிஐஎஸ் கொஞ்சம் தெரிந்தால் போதும், மற்றதை அங்கே போய்ப் பழகிக்கொள்ளலாம். அதற்கு முன், ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகளைக் காகிதத்தில் வாசிக்கப் பழகுங்கள். கோடுகள் மேட்டை நோக்கிக் கூர்ந்திருந்தால் அது பள்ளத்தாக்கு, இறக்கத்தை நோக்கிக் கூர்ந்திருந்தால் முகடு. கேட்கச் சுலபமாக இருக்கும். நான் முதல் ஆண்டில் இரண்டையும் மாற்றி வாசித்து, ஒரு ஓடையை முழுக்க முழுக்க மலைமுகட்டின் மேலேயே ஓடவிட்டிருக்கிறேன். அழகாக நீல வண்ணமும் தீட்டி.